உன் ஜீப்பை விற்ற கதை

மயூர் விஹார், தில்லி
5-3-2026

அன்பு மகள் இளவரசிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், உன் ஜீப்பும் சுகம். உன் உடம்பும் மனசும் அந்தக் கால்கரிக் குளிரில் சுகமாக இருக்க உச்சிப் பிள்ளையார் துணை இருக்கட்டும். மூன்றாவதாக ஒன்றைச் சொன்னேனே, அதைப் படித்ததும் உன் புருவம் ஏறியிருக்கும், ஏறட்டும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வண்டி விலை போனதா என்று கேட்டாய், யாரோ ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அப்பா சொன்னார். அப்படி ஒரு ஆளும் வரவில்லை. நவம்பரிலிருந்து ஒருத்தரும் வரவில்லை, ஏனென்றால் விற்பனைக்கு என்று அப்பா ஒருத்தரிடமும் சொல்லவில்லை. இதைப் போனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டில் போன் என்றாலே ஸ்பீக்கர்தான், அப்பா பக்கத்திலேயே நிற்பார். உன் சிநேகிதி கவிதா சனிக்கிழமை திரும்பிப் போகிறாள், பருப்புப் பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று தெரியும், மெதுவாகவே படி, போனைக் காட்டி மொழிபெயர்த்துப் படிக்காதே, அதில் போட்டால் நான் வேறு யாரோ பொம்பளை மாதிரிப் பேசுவேன்.

நீ இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லி ஜீப்பை எங்களிடம் விட்டுப் போனாய். அப்புறம் அங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்துவிட்டது, வண்டியை விற்றுவிடுங்கள் என்று நவம்பரில் சொன்னாய், பெயர் மாற்றும் படிவங்களில் கையெழுத்துப் போட்டு டிசம்பரில் கவிதாவிடமே கொடுத்தும் அனுப்பினாய். நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அப்பா அந்தக் காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜை டிராயரில் போட்டு மூடினார், விற்றுவிட்டால் பிள்ளை வந்தால் எதில் போவாள் என்றார். வருகிறவள் பத்து நாள் லீவில் வருவாள், டாக்ஸியில் போவாள் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. தினம் காலையில் பாட்டரி செத்துவிடும் என்று சொல்லிக் கீழே போய் வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். நான் பால்கனியிலிருந்து பார்ப்பேன். இன்னொன்று சொல்கிறேன், கேள். நீ கடைசியாக ஓட்டினபோது சீட்டை எந்த இடத்தில் வைத்தாயோ அந்த இடத்திலிருந்து அவர் அதை நகர்த்தவே இல்லை. அவருடைய உயரத்துக்கு முழங்கால் ரெண்டும் ஸ்டியரிங்கில் இடிக்கும், அப்படியே மடக்கிக்கொண்டு ஓட்டுவார். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது அரசி. முப்பது வருஷம் ஏர்ஃபோர்ஸில் விமானம் பழுது பார்த்த மனுஷன், ஓய்வு பெற்றபோதுகூட இப்படி ஆனதில்லை.

அப்புறம்தான் இந்த வண்டி வேலை தொடங்கியது. முதலில் ஆயில் மாற்றப் போகிறேன் என்று கஷ்மீரி கேட்டில் வண்டி மெக்கானிக் இர்ஃபான் மிஸ்திரியிடம் போனார். அங்கே ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜீப்பை எடுத்துக்கொண்டு மணலிலும் கல்லிலும் போகிற ஒரு கூட்டம் பழக்கமாகிவிட்டது, எல்லாம் உன் வயசுப் பிள்ளைகள். அவ்வளவுதான், வீட்டில் கீசர் வேலை செய்யவில்லை, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, கிடக்கிறது கிடக்கட்டும் கிழவியைத் தூக்கி மணையில் வை என்கிற கதையாக அவர் ஜீப்புக்கு அடியிலேயே கிடந்தார். வண்டிக்கு அடியில் கல் படாமல் தகடு போட்டார், பின்னால் இழுக்கும் கொக்கி போட்டார். முன்னால் பெரிய இரும்புக் கம்பி வைக்கலாம் என்று அந்தப் பிள்ளைகள் சொன்னதற்கு மட்டும் அது சட்டப்படி கூடாது என்று அவர்களையே உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசி அனுப்பினார். சேற்றுக்கு ஆகிற டயர் என்று முதலில் ஒன்று வாங்கினார், அது தார் ரோட்டில் போட்ட சத்தத்தில் பாராபுல்லா மேம்பாலம் முழுக்க நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். பிறகு அதை மாற்றி எல்லாத் தரைக்கும் ஆகிற டயர் போட்டார். நம் வழக்கப்படி மலை மந்திர் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினோம். புது டயர் அகலமாக இருக்கிறதே, ஒன்று போதுமா ரெண்டு வைக்கவா என்று குருக்களிடம் கேட்டார், குருக்கள் என்னைப் பார்த்தார்.

இதெல்லாம் சரி, ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினாரே, அங்கேதான் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. ஏற்கெனவே உயரமான வண்டி, இப்போது புடவை கட்டிக்கொண்டு நான் எப்படி ஏறுவது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போக வேண்டுமென்றால் சமையலறை மணையைக் கையோடு எடுத்துப் போய்க் கீழே போட்டு அதில் ஏறி, உள்ளே உட்கார்ந்து, அதில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து மணையை மேலே இழுத்துக்கொள்வேன். காலனி வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பான். கிழவியை மணையில் வை என்று என்னிடம் பழமொழி சொன்ன வாய்க்கே இது வேண்டும் என்று அப்பா சிரித்தார். வேகத்தடை ஏறி இறங்கினால் இடுப்பு கழன்றுவிடும், அவ்வளவு கெட்டியான ஸ்பிரிங். இனி உங்கள் வண்டியில் ஏறமாட்டேன், மெட்ரோவில் போய்க்கொள்கிறேன் என்று ஜனவரியில் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் தனியாக மணலுக்குப் போகவும் இல்லை. மூன்று ஞாயிறு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். நாலாவது ஞாயிறு நானே புளியோதரை கட்டிக்கொண்டு மணையைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன்.

பாக்பத் பக்கம் யமுனை மணலுக்குப் போனோம், ஐந்து வண்டிகள். மணலில் இறங்குவதற்கு முன் எல்லாரும் டயர் காற்றைப் பாதிக்குக் கிட்டக் குறைத்தார்கள், குறைத்தால் டயர் அகன்று மணல் மேலேயே போகுமாம். அஷ்வத் என்று ஒரு பையன், குர்காவ்னில் வேலை, நம் தமிழ்ப் பிள்ளைதான், அங்கிள் நீங்களும் கம் கரோ, காத்தைக் குறைச்சிருங்க என்று கெஞ்சுகிறான். உன் அப்பா கேட்பாரா. கதவில் கம்பெனிக்காரன் ஒட்டியிருக்கிற காற்றுக் கணக்குத்தான் கணக்கு, எழுதி வச்சவன் முட்டாளா, நான் ஒரு நாளும் அதுல ஒரு புள்ளிகூடக் கொறைச்சதில்ல என்றார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். விமானச் சக்கரத்துக்குக் காற்று அடித்த கை, அதை நானும் மறுக்கவில்லை, ஆனால் இது ரன்வே இல்லையே. நூறு அடி போகவில்லை, வண்டி அப்படியே வயிறு வரை மணலில் உட்கார்ந்துவிட்டது. நீ எறங்கி நில்லுளா, இந்தா எடுத்துருதேன் என்றார். நான் இறங்கினேன், மணை தேவைப்படவில்லை, தரை அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அவர் மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுற்றி இன்னும் கீழே போனது. இழுத்து விடுகிறோம் என்று அந்தப் பிள்ளைகள் கயிற்றோடு வந்தார்கள், வேண்டாம் என்று கையைக் காட்டினார், முகம் சிவந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கொண்டையிலிருந்து ஊசியை உருவினேன், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைக் கழற்றி, காற்று வாயில் ஊசியை வைத்து அழுத்தினேன். புஸ்ஸென்று சத்தம் கேட்டதும் ஏளா என்ன செய்யுதே என்று உள்ளிருந்து ஒரு குரல். நான் நிமிரவில்லை. ஒரு சக்கரம் முடிந்து அடுத்ததற்குப் போனபோது மேலேயிருந்து ஒரு கை நீண்டது, அதில் காற்று அளக்கிற மானி. அந்த வெல்வெட் பையில் வைத்திருப்பாரே, அதுதான். பதினஞ்சுக்குக் கீழே போகாம பாத்துக்கோ என்றார்.

நாலு சக்கரமும் ஆனதும் அஷ்வத் சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தள்ளிவிட்டு, ஆன்ட்டி எடை கம்மி, அங்கிள் இறங்கிக்கொண்டு ஆன்ட்டி எடுத்தால் சுலபமாக வரும் என்றான். உனக்குத் தெரியாது, அப்பா வேலையில் ஜோர்ஹாட் கேம்பில் இருந்தபோதே நான் கார் லைசென்ஸ் வாங்கிவிட்டேன், கேம்ப் கேட்டைத் தாண்டி ஓட்ட உன் அப்பா விட்டதில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் விடாமல் புதுப்பித்தே வைத்திருக்கிறேன். அவர் இறங்கிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். நான் ஏறி உட்கார்ந்தேன், கால் எட்டவில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கிற கம்பியைப் பிடித்து இழுத்துச் சீட்டை முன்னால் நகர்த்தினேன். கடகடவென்று நாலு பல் நகர்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஜன்னல் பக்கம் வந்து, கண்ணாடியையும் உனக்குத் தக்கனே திருப்பிக்கோ என்றார். திருப்பினேன். மெதுவாக மிதித்தேன், வண்டி ஒரு முனகு முனகிவிட்டு மேலே ஏறி வந்தது. அந்தப் பிள்ளைகள் கத்தின கத்தலில் எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. நிறுத்தத் தோன்றவில்லை, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

ஜீப்புக்கு அவர் வைத்திருக்கும் நீல நோட்டில் என்ன வேலை எந்தத் தேதியில் செய்தது என்று எழுதுவார், ஏர்ஃபோர்ஸ் வழக்கப்படி வேலை செய்த ஆள்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டும், இர்ஃபானிடம்கூட வாங்கியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்ததும் காற்று பதினைந்துக்குக் குறைக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதி, நோட்டை என் பக்கம் தள்ளிப் பேனாவைக் கொடுத்தார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் நான் சொன்னது சரி என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. மறுவாரமே இர்ஃபானிடம் போய் வாரம் ஆறு நாள் ஓட்டப் போறது இவங்கதான் என்று என்னைக் காட்டினார். மார்க்கெட்டுக்கு மெத்தென்றும் வேண்டும், மணலுக்கு உறுதியாகவும் வேண்டும் என்றால் நடுவில்தான் நிற்க வேண்டும் என்று சொல்லி இர்ஃபான் ஒரு அங்குலம் இறக்கி மெதுவான ஸ்பிரிங் போட்டான், ஏற ஒரு படியும் வைத்தான். மணை சமையலறைக்குத் திரும்பிவிட்டது. குழாயும் சரியாகிவிட்டது, கீசர் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அப்பா இப்போது பக்கத்துச் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு பிரேக், பிரேக் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். காலையில் தனியாக வண்டியில் போய் உட்காருவது இல்லை.

நேற்று அவர் தூங்கும்போது டிராயரைத் திறந்து நீ அனுப்பின படிவத்தை எடுத்தேன். உன் கையெழுத்து இருந்தது, வாங்குபவர் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. அதில் என் பெயரை எழுதிவிட்டேன். எழுந்து வந்ததும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார், எழுத்து கட்டத்துக்கு வெளியே போகுது என்று மட்டும் சொன்னார். ஆகவே கேட்டுக்கொள், வண்டி விற்றாகிவிட்டது. அம்மாவும் அப்பாவும் நமக்காக வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்களே என்று நீ இனிமேல் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். நீ வர மாட்டாயா என்று எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, தினம் இருக்கிறது. ஆனால் அந்த ஆசைக்கும் இந்த ஜீப்புக்கும் இனிச் சம்பந்தம் இல்லை.

அங்கே பனியில் ஓட்டும்போது நிதானமாகப் போ, டயர் காற்றை அளந்து பார், எவ்வளவு வேண்டும் என்று தெரியாவிட்டால் என்னைக் கேள், அப்பாவைக் கேட்காதே. ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, பருப்புப் பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றிக்கொள். நீ நூறாண்டு நோய்நொடி இல்லாமல், எந்த ஊரில் இருந்தாலும் மனசு நிறைந்து இருக்க அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பெயர் மாற்றப் போகிறோம், உனக்கு அது முந்தின நாள் ராத்திரி. உன் இந்திய நம்பருக்கு ஓடிபி வரும், தூங்கிவிடாமல் இருந்து உடனே சொல்லிவிடு. லீவில் வரும்போது சாவி தருகிறேன், ஆசை தீர ஓட்டு. ஓட்டி முடித்ததும் சீட்டை மட்டும் மறக்காமல் என் அளவுக்கு வைத்துவிடு.

இப்படிக்கு
உன் அம்மா
ராஜம் நல்லசிவம்