ஒரு வரி விளம்பரம் வேண்டி அயல்நாட்டு அரசிக்கு

மங்கலம் பெருகுக. குன்றுசூழ் நாட்டு மலையேழும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், வழக்கென்று வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவருமான பேரரசி மலையமங்கையார் திருமுன்பு, இடையாற்றின் இக்கரையிலுள்ள தாழைவள நாட்டு வணிக அமைச்சர் காரிநாகனார் கைகூப்பி அனுப்பும் ஓலை. அவர் சொல்லச் சொல்ல எழுதியவன் அவருடைய எழுத்தன் செந்நாவன். தங்கள் களஞ்சியத்தில் நெல்லும், தங்கள் சுனைகளில் நீரும், தங்கள் குடிகளின் கைபேசிகளில் மின்னூட்டமும் ஒருநாளும் குறையாதிருக்கட்டும்.

அரசுக்கும் அரசுக்கும் நடக்கும் பேச்சு பனையேட்டில்தான் நடக்கவேண்டும் என்பது இரு நாட்டு முன்னோரும் வகுத்த முறையாதலால் இது ஓலையாக வருகிறது. மற்றபடி எம் நாட்டிலும் மாடு மேய்ப்பவர் முதல் மடைப்பள்ளிக்காரர் வரை கைபேசி ஏந்தாத கை இல்லை. அந்தக் கைகளில் எல்லாம் இன்று ஒலிப்பது தங்கள் நாட்டு வணிகர் குரலே. இதைக் குற்றமாகச் சொல்ல அமைச்சர் இவ்வோலையை எழுதுவிக்கவில்லை. கெட்டிக்காரர் பிழைக்கிறார்கள், அதற்கு யாரை நோவது? சொல்ல வந்தது எம் தலைநகராகிய அலையாத்தூரின் கடைவீதியைப் பற்றி.

துணியும் வெண்கலமும் நறுமணப் பொருளும் விற்ற அவ்வீதியில் இப்போது ஈ ஓட்டக்கூட ஆளில்லை. வரும் நீராட்டு விழாவுக்கும் விற்பனை இல்லையென்றால் கதவுகளை ஒரேயடியாகச் சாத்திவிடுவதென்று வணிகர் சபை முடிவு கட்டியிருக்கிறது. சாத்தினால் அவர்களை நம்பித் தறி போட்டிருக்கும் குடும்பங்கள் அத்தனையும் தெருவுக்கு வரும். இந்த ஒரு கவலைதான் அமைச்சருக்கு. சோறு இறங்குவதில்லை, கண் மூடுவதில்லை.

அவர் சும்மா இருந்துவிட்டார் என்று பேரரசியார் எண்ணலாகாது. சபையைக் கூட்டி, தொண்டை வறளப் பேசினார். குடிகள் இப்போது கடைவீதியைப் பார்ப்பதில்லை, உள்ளங்கையைப் பார்க்கிறார்கள். நடக்கும்போதும், உண்ணும்போதும், கோயிலில் திரை விலகக் காத்து நிற்கும்போதும் அங்கேதான் கண். கண் இருக்கும் இடத்தில் கடையும் இருக்கவேண்டாமா என்று கேட்டார். யானைமேல் முரசறைவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கைக் கைபேசி விளம்பரத்தில் போடுங்கள் என்று மன்றாடினார். முரசைக் கேட்டவர் யாரென்று முரசுக்குத் தெரியாது. கைபேசிக்கோ யார் பார்த்தார், யார் விலை கேட்டார், யார் பாதியில் போய்விட்டார் என்பதெல்லாம் தெரியும். கல்யாணம் வைத்திருக்கும் வீட்டுக்குப் பட்டென்றும், பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தொட்டில் துணியென்றும் ஆளறிந்து சொல்லும். மூலையில் இருக்கும் சின்னக் கடையையும் முச்சந்திப் பெருங்கடையையும் ஒரே அளவு சதுரத்தில் காட்டும் என்று விளக்கினார்.

சபைத் தலைவர் உலகுடையார் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அலையாத்தூர் வணிகர் வாங்க வருபவரைக் கூவி அழைப்பதில்லை, வாசலில் இறங்கி நிற்பதுமில்லை. அமர்ந்திருப்பார், வருபவர் வருவார். அது அவ்வீதியின் மரபு. எனவே, வாங்குகிறவன் பின்னால் நாய்க்குட்டி போல ஓடச் சொல்கிறாரா அமைச்சர், பாட்டன் பெயரைக் கெடுக்கவா நாங்கள் கடை வைத்தோம் என்று அவர் கேட்டதாக எழுதவேண்டியிருக்கிறது. சபை முழுவதும் சிரித்தது. அமைச்சர் கெஞ்சினார், கோபித்தார், மறுபடியும் கெஞ்சினார். கட்டளையிடவோ வழியில்லை, சபையின் உள்விவகாரத்தில் அரசன் தலையிடலாகாது என்று எம் நாட்டுச் செப்பேடு சொல்கிறது.

கடைசியில், காற்று ஏறி விலை இறங்கிய ஆடியில், உலகுடையார் மனமிரங்கினார். ஒருமுறை செய்து பார்க்கலாம், ஆனால் செய்தியைச் சபையே எழுதும், சபையே அனுப்பும், அமைச்சர் எட்டி நிற்கவேண்டும் என்றார். அப்பாடா என்று மூச்சுவிட்ட அமைச்சர், அந்த மூச்சு முடியுமுன் மோசம் போனார்.

நடந்தது இதுதான். அலையாத்தூர்ச் சபை வாய் திறந்தால் முதலில் தன் விருதுகளைச் சொல்லவேண்டும். கடல் கடந்த புகழ், கப்பல் ஓட்டிய பெருமை, கோயில் எடுத்த கொடை எல்லாம் சொல்லி முடித்த பிறகே விஷயம். முரசறைவிலும் அப்படித்தான், தெருவில் நிற்பவனுக்கு வேறு வேலையில்லை, கேட்டுக்கொண்டிருப்பான். கைபேசியோ வந்த செய்தியில் முதல் இரண்டு வரியைத்தான் மேலே காட்டும். பட்டெல்லாம் பாதி விலை என்ற சேதி விருதுகளுக்கெல்லாம் அடியில், பாதாளத்தில் கிடந்தது. போதாக்குறைக்கு, முரசை மும்முறை அறைவது முறையாதலால் செய்தியையும் மும்முறை அனுப்பினார்கள். அதுவும் முரசு அறையும் விடியற்காலை வேளையில். தூக்கம் கலைந்து எடுத்துப் பார்த்தவர்களுக்குக் கப்பல் ஓட்டிய பெருமை தெரிந்ததே தவிர, பட்டு விலை தெரியவில்லை. ஊரே எரிச்சலோடு சபையின் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தது.

இனி சபை எதை அனுப்பினாலும் யார் கைக்கும் போய்ச் சேராது. விருதுகளை விட்டுவிடுகிறேன் என்று உலகுடையார் கண்கலங்கிச் சொல்லியும் பயனில்லாமல் போயிற்று. ஐயோ, அந்தப் புத்தி முன்பே வந்திருக்கக்கூடாதா! புதிய எண்ணிலிருந்து அனுப்பிப் பார்த்தார்கள். அறியாத எண்ணைத் திறக்காதீர், அது ஏமாற்று வேலை என்று சென்ற ஆண்டு நாடெங்கும் எச்சரித்தவர் இதே அமைச்சர்தான். ஆகவே ஒருவரும் திறக்கவில்லை. அரசின் எண்ணில் அனுப்பலாமென்றால், அதில் வணிகம் பேசலாகாதென்று சட்டம். அமைச்சர் அரசரிடம் போய் நின்றார். மன்னர் பெருமூச்சு விட்டு, உமக்குத் தோன்றியதைச் செய்யும், நம் முத்திரையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும் என்று அருளி அந்தப்புரம் சென்றுவிட்டார்.

அமைச்சருக்குத் தோன்றியது ஒன்றே. எம் குடிகள் இன்னும் ஆவலோடு திறந்து படிப்பது தங்கள் நாட்டு வணிகர் அனுப்பும் செய்திகளைத்தான். அவர்கள் பேர் சொல்லி அழைக்கிறார்கள், இரண்டே வரியில் முடிக்கிறார்கள், உறங்கும் நேரத்தில் வருவதில்லை. ஆதலால் விழாவுக்கு முன் அவர்கள் அனுப்பும் ஏதேனும் ஒரு செய்தியின் அடியில், அலையாத்தூர்க் கடைகளும் திறந்திருக்கின்றன என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிப் பேரரசியார் பணிக்கவேண்டும். தொழிலில் எதிரியிடம் போய்த் தன் கடைக்கு ஆள் கூப்பிடச் சொல்வது எங்கேனும் உண்டா என்று தங்கள் அவை சிரிக்கும். சிரிக்கட்டும். அதற்குரிய கட்டணம் எதுவாயினும் எம் அரசு செலுத்தும். முரசறையும் யானையை விற்றாவது செலுத்தும்.

இவ்வளவில் ஓலையை முடித்து, தாழம்பூ முத்திரை வைக்க அரக்கு உருக்கும் வேளையில் அமைச்சரின் மனைவியார் அணிநங்கையார் கைபேசியோடு உள்ளே வந்தார். அவர் விரும்பும் மாந்தளிர் நிறத்தில் விழாவுக்குப் பட்டு வந்திருப்பதாகத் தங்கள் நாட்டு வணிகர் ஒருவர் பேர் சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தார். இந்த நிறம் நம் அலையாத்தூரில் கிடைக்குமா என்று அம்மையார் கேட்டார். வணிக அமைச்சருக்கு அது தெரியவில்லை. யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அம்மையார் அவர் கண்ணெதிரே விரலால் ஒரு தட்டுத் தட்டி வாங்கிவிட்டார். இதையும் மறைக்காமல் எழுது என்று அமைச்சர் எனக்கு ஆணையிட்டார்; எழுதினேன்.

தாழைவள நாட்டு மன்னர் இசைவோடும் முத்திரையோடும் இவ்வோலை செல்கிறது. வழியில் எவரும் தடுக்கலாகாது, ஓடக்காரர் கூலி கேட்கலாகாது என்பது ஆணை. பேரரசியார் அருள்கூர்ந்து தரும் மறுமொழியைத் தனித் தூதர் வழியே அனுப்பவேண்டியதில்லை. அந்தப் பட்டைக் கொண்டுவரும் வண்டியிலேயே வைத்துவிட்டால் போதும், அது விரைவாக வந்து சேரும்.