அப்பா ஐஸ் போட்டுக் கொண்டுபோன துண்டு

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.
14.06.2004

அன்பு மகள் மேரிசுகந்திக்கு,

அந்தோனியார் கிருபையால் நீ லண்டன் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்றுதான் கடிதம் தொடங்கவேண்டும், அதனால் அப்படியே தொடங்குகிறேன். மார்பில் ஒப்பரேசன் செய்த பக்கம் வலது கை வீங்கிப் பேனை பிடிக்க ஏலாது. நான் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். (சொன்னதைத்தான் எழுதுகிறேன். அடைப்புக்குள் போடுவதற்கு ஒருவரும் சத்தியம் வாங்கவில்லை. இப்படிக்கு ஜெயந்தா.)

நீ உன் ஆய்வுகூட வேலையைப் பற்றி எழுதிய கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மார்பில் உள்ள கலங்களுக்குள் பெண் ஓமோனை ஏற்கிற ஒரு புரதம் இருக்கிறது, ஓமோன் வந்து சேர்ந்ததும் அது பரம்பரை அலகுகளைத் தட்டி எழுப்பிக் கலத்தைப் பெருகச் சொல்கிறது, அதை அளவோடு அடக்கி வைக்க இன்னொரு காவற்புரதம் நிற்கிறது, காவல் பழுதானால் எழுப்பினது அடங்காது, கட்டி வளரும் என்று எழுதியிருந்தாய். எனக்கு முதலில் விளங்கவில்லை. (நான்தான் விளங்கப்படுத்தினேன். நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டக் கூட்ட வந்து குறைக்கிற ஆள் அம்மா. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் அது குறையவே இல்லை. பக்கத்து வீட்டு யாக்கோப்பு அண்ணை வேலியால் எட்டிப் பார்த்து, "கொம்மா எப்ப பிள்ளை வருவா?" என்று அழாக்குறையாகக் கேட்டவர்.)

இப்போது விசயத்துக்கு வருகிறேன். என் கட்டியில் அந்த ஏற்கிற புரதம் இருக்கிறதா என்று கொழும்பில் பார்க்கவேண்டும், இருந்தால் அதை அடக்கக் குளிசை இருக்கிறது, இல்லாவிட்டால் அந்தக் குளிசையால் பயனில்லை என்று டொக்டர் சொன்னார். வெட்டியெடுத்ததை மருந்துத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டார்கள். முப்பது வருசம் கடலுக்குப் போன மனிசன். வைகாசி வெயில், ஒரு முழுநாள் பஸ், சதை பழுதாகிப்போகும் என்று, மணக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டு, துண்டைக் கழுவி, உப்புத் தூவி, மீன் ஏற்றுகிற பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கிக்கொண்டு போயிருக்கிறார். சோதனைச் சாவடியில் நேவிக்காரன் மூடியைத் திறந்து என்ன மீன் என்று கேட்டானாம். "மீன் இல்லை, என்ர மனிசி" என்றாராம். அவன் மூடியை இறுக்கி மூடிக் கொடுத்தானாம். வவுனியாவில் இறங்கிப் புது ஐசும் வாங்கிப் போட்டாராம். பெட்டியை மடியிலிருந்து இறக்கவேயில்லையாம். வந்து, ஒரு சொட்டும் பழுதாகாமல் குடுத்தனான் என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை, நீ கம்பசில் படிக்க எடுபட்ட நாளுக்குப் பிறகு இப்போதுதான் கண்டேன்.

போன வியாழன் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். கலங்கள் எல்லாம் சிதைந்துவிட்டன, ஒன்றும் பார்க்க ஏலாது என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்ததாம். அந்த மணக்கிற தண்ணீர்தான் சதையைக் காப்பதாம். ஆர் உந்த வேலை பார்த்தது என்று கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். நல்லாக ஏசினார். (நானும் பக்கத்தில் நின்றனான் அக்கா. எனக்கு ஒரு பகிடியும் சிரிப்பும் வரவில்லை.) கக்கத்தில் ஒரு நெறி கட்டியிருக்கிறது, அடுத்த மாதம் ஆறாந் திகதி அதை எடுத்து அனுப்பப்போகிறார்கள். அதுவும் பழுதானால் பிறகு எடுக்க ஒன்றும் இல்லை, மருந்தைக் குத்துமதிப்பாகத்தான் கொடுக்கவேண்டுமாம்.

வெட்டுக்குப் பயமில்லை என்றால் பொய். அதைவிடப் பயம், அப்பாவுக்கு இது தெரியவருவது. தெரிந்தால் அந்த மனிசன் நடுக்கடலில் தனிய இருந்து என்ன நினைப்பாரோ. டொக்டர்மார் இன்னொரு துண்டு கேட்கினம் என்று மட்டும் சொன்னேன். தானே கொண்டுபோவதாக நிற்கிறார், ஐசுக்கும் இப்போதே சொல்லி வைத்துவிட்டார். கொமினிக்கேசன் கடையில் ரெலிபோனில் கதைத்தால் பக்கத்தில் நிற்பார் என்றுதான் கடிதம் போடுகிறேன். நீ ஆறாந் திகதிக்கு முதல் அவருக்கு ரெலிபோன் எடு. லண்டனில் இப்போது புது முறை வந்திருக்கிறது, ஐஸ் தேவையில்லை, போத்தலைத் திறக்காமல் அப்படியே கொண்டுபோனால் போதும் என்று சொல். நீ படித்த பிள்ளை, நீ சொன்னால் கேட்பார். மற்றதை ஒரு சொல்லும் சொல்லாதே.

உன் சின்னம்மாவும் இதே நோயில் நாற்பது வயதில் போனவ என்பதை மறக்காதே. ஊரார் கலங்களில் காவல் பார்க்கிற நீ உன்னையும் ஒரு டொக்டரிடம் காட்டு. நேரத்துக்குச் சாப்பிடு, செபம் விடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். அப்பாதான் தபாற்கந்தோருக்குப் போகிறார், கவரை நன்றாக ஒட்டு என்று இவளிடம் மூன்று தரம் சொல்லிவிட்டேன். (பசை காய்ந்துபோய்விட்டது. அப்பா கந்தோரில் ஒட்டட்டும்.)

இடது கையால் ஒப்பமிடும்
உன் அம்மா,
பிலோமினம்மா

மகள், ஒட்ட முதல் வாசிச்சுப்போட்டன். ஐஸ் வேண்டாமெண்டு இப்பதான் சொல்லிப்போட்டு வந்தனான். போத்தல் மூடியில கை வைக்கமாட்டன். நீ அம்மா சொன்னபடியே ரெலிபோன் எடுத்துச் சொல்லு, நான் புதுசாக் கேக்கிற மாதிரி ஓம் ஓம் எண்டு கேக்கிறன். எனக்குத் தெரியுமெண்டு அவவுக்குத் தெரியவேண்டாம்.

அப்பா