பிஸ்கோவுக்கு அப்பால் நீங்கள் சொன்ன பதில்

அக்கா,

இன்று ஹம் நகரில் உங்கள் வீட்டை ஒதுக்கி வெறுமையாக்கினோம். சமையலறைத் தட்டில், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் உங்கள் ரஷ்யக் கொப்பி இருந்தது. ரஷ்யச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பக்கத்தில் அர்த்தம் போட்டிருக்கிறீர்கள். முதல் பக்கம் முழுக்க ஒரே வசனம்: “என் கணவரைத் தேடி வந்திருக்கிறேன்.” அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் பகுதியில் நாம் ஒன்றாக வேலை செய்தோம். அங்கே கஸகஸ்தானிலிருந்து வந்த பெண்கள் ரஷ்ய மொழி பேசுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் கொப்பியோடு அவர்களிடம் போய்விடுவீர்கள்.

“இந்த வயசில இது என்னத்துக்கு அக்கா?”

“அவரைப் பற்றிக் கேக்கிறதுக்கு அவையின்ரை பாஷை வேணும் பிள்ளை.”

நீங்கள் கைக்குழந்தையோடு முதலில் ஜெர்மனிக்கு வந்துவிட்டீர்கள். பிறகு மொஸ்கோ வழியாகப் புறப்பட்ட உங்கள் கணவர் வந்து சேரவேயில்லை. வழியில் காய்ச்சல் கண்டதால் ரஷ்ய எல்லைக்கு அருகே ஒரு கிராமத்து வீட்டில் அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்களாம். அவர்களில் ஒருவரை டோர்ட்மண்டில் கண்டுபிடித்து அந்த ஊரின் பெயரை அறியப் பதினெட்டு வருடங்கள் போயின.

அப்போது அந்தப் பக்கம் போய்வரக்கூடியதாக இருந்தது. துணைக்கு நான் வந்தேன். ரஷ்யாவின் பிஸ்கோவ் நகரிலிருந்து பழைய பஸ்ஸில் நான்கு மணி நேரம். இறங்கிய இடத்தில் சேறும் பிர்ச் மரங்களும் ஏழெட்டு மரவீடுகளும்தான். முதல் வீட்டிலேயே நீங்கள் அந்த வசனத்தைச் சொன்னீர்கள். அந்த வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, எங்களை ஒரு வயதான அம்மாவிடம் கூட்டிப்போனார்.

அந்த அம்மா எங்களை மயானத்துக்கு அழைத்துச் சென்றார். நீல வேலிக்குள் ஒரு மரச்சிலுவை. பெயர் இல்லை. உங்கள் கணவரை ஐந்து நாட்கள் தன் கட்டிலில் வைத்துப் பார்த்தாராம். சுடச்சுடப் பாலில் தேன் விட்டுப் பருக்கினாராம். இதையெல்லாம் நீங்கள்தான் எனக்குத் தமிழில் சொன்னீர்கள்.

பிறகு அந்த அம்மா உங்கள் கன்னத்தைத் தொட்டு ஏதோ கேட்டார். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. ஆனாலும் அதில் ஒரு சொல் விளங்கியது.

“தண்ணி?”

கடைசி வரைக்கும் உங்கள் கணவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். அது மனைவியின் பெயர் என்று நினைத்து, அந்த அம்மா இத்தனை வருடமும் தேவாலயத்தில் அந்தப் பெயருக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறார்.

நீங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு தலையாட்டி, ரஷ்ய மொழியில் “டா” என்றீர்கள். ஓம், அது நான்தான் என்று அர்த்தம். அந்த அம்மா உங்களைக் கட்டிப்பிடித்து அழுதார். நீங்கள் அழவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் கேட்டேன். “ஏன் அக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“தன்ரை கட்டிலைக் குடுத்துப் பாத்த மனிசி. அவர் தண்ணி கேட்டவர், உனக்கு விளங்கேல்லை எண்டு நான் சொல்லுறதே? ஏலாது பிள்ளை.”

அதற்குப் பிறகு பிஸ்கோவ் வரும்வரை யன்னல் பக்கம் திரும்பி அழுதீர்கள். என்னால் உங்கள் கையைப் பிடித்திருக்க மட்டுமே முடிந்தது.

உங்கள் செத்தவீட்டில் மகள் என்னைத் தனியே கூட்டிப்போனாள்.

“அன்ரி, அப்பா கடைசியா அம்மாவைத்தான் கூப்பிட்டவராம். அம்மா சொன்னவ. நீங்களும் அங்க நிண்டனீங்கள்தானே, உண்மையே?”

“ஓம் பிள்ளை,” என்றேன். “உன்ரை அம்மாவைத்தான்.”

உண்மை தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர் இருந்தோம். இனி நான் ஒருத்திதான், அக்கா.