மூணாம் கேட்டுக்கு ஆள் எடுத்தாச்சு

இன்று காலை எட்டே காலுக்கு ஒரு போன் வந்தது. கடை ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத்தான் தூக்கியிருந்தேன். குனிந்தபடியே எடுத்தேன்.

"அண்ணே, வேலை சைட்டு நீங்கதானே? மூணாவது கேட்டுக்கு செக்யூரிட்டி வேணும்னு போட்டு கீது. திண்டிவனத்துலேர்ந்து மொத பஸ்ஸ புடிச்சு வந்துட்டேன். இங்க வந்து பாத்தா ஏற்கெனவே ஒரு ஆள் நிக்கிறாரு."

எந்தக் கம்பெனி, எங்கே இருக்கிற மூணாவது கேட் என்று நான் கேட்கவில்லை. அது நீ ஒன்பது வருஷம் நின்ற கேட். உன் இடத்துக்கு ஆள் எடுத்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. எடுத்த அன்றே செக்யூரிட்டி ஏஜென்சியில் இருந்து எனக்குச் சொல்லிவிட்டார்கள். சைட்டில் 'முடிந்தது' என்ற பட்டனை ஒரு தடவை தொட்டால் போதும். நான் தொடவில்லை.

"அங்கியே இருங்க தம்பி, பத்தே நிமிஷம்" என்று சொல்லி வைத்துவிட்டு, பாதி திறந்த ஷட்டருக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதைப் பார்த்திருந்தால் நீ எப்படிச் சிரிப்பாய் என்று தெரியும். "இன்னா கம்ப்யூட்டர், ஹேங் ஆயிட்டியா?" என்பாய். பிள்ளைப்பாக்கம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்தில் எனக்கு வேறு பட்டப்பெயர் வைத்திருந்தாய். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை போட்ட பிறகு நான் கம்ப்யூட்டர் ஆனேன். உன்னைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்த வேலைவாய்ப்பு வெப்சைட்டை நான் ஆரம்பித்தேன் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மை வேறு. ஒரகடம் கம்பெனி கேட்டுகளில் தொங்கும் 'ஆட்கள் தேவை' போர்டுகளைப் போட்டோ எடுத்து வந்தவன் நீ. டைப் அடித்தது மட்டும்தான் நான். அதையும் ஒழுங்காக அடித்தேனா? 'உற்பத்திப் பிரிவு உதவியாளர் பணி வாய்ப்பு' என்று தலைப்பு வைத்தேன். மேலே ஒரு படம் ஓடும், அதற்கடியில் நான்கு பத்திக்கு முன்னுரை இருக்கும், பிறகு பதிவு செய்யச் சொல்லி ஒரு நீண்ட படிவம் வரும். ஒரு மாதமாகியும் ஒருவனும் வரவில்லை. தேடினால் எங்கள் சைட் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நீ நைட் டூட்டி முடித்து டீயோடு வந்து, உன் போனில் அதைத் திறந்து, வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்துக் காட்டினாய்.

"ஏதாவது தெரியுதா? கேட்டாண்ட வர்றவன் இப்படித்தான்டா பாப்பான். நீ இன்னாடான்னா படம் ஓட்டினுகீற."

"அப்போ இன்னா வேணுமாம் அவனுக்கு?"

"எந்த கேட்டு, எந்த ஷிப்ட்டு, பஸ்ஸு உண்டா, ரூம் உண்டா, லேடீஸ எடுப்பாங்களா. என்னாண்ட வந்து நிக்கிறவன்லாம் இதத்தான் கேக்குறான். உன் உதவியாளரையெல்லாம் எவனும் தேட மாட்டான். 'ஒரகடம் ஹெல்பர் வேலை ரூமோட'ன்னு எழுது."

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் படித்து வாங்கிய சர்டிபிகேட் சுவரில் மாட்டியிருந்தது. ஆனால் நீ போன பிறகு அப்படியே எழுதிப் பார்த்தேன். படத்தை எடுத்தேன், படிவத்தை எடுத்தேன். நீ சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் பதிலைப் பெரிய எழுத்தில் மேலே வைத்தேன். அதற்கடியில் தொட்டால் போன் போகிற ஒரு பட்டன். சில வாரங்களில் ஒரகடம் என்று அடித்தாலே நம் சைட் முதல் பக்கத்தில் வந்து நின்றது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டினேன். உன் பெயரை ஓர் இடத்திலும் சொல்லவில்லை.

முதல் பக்கத்தில் நின்றவனுக்கு இறங்க மனம் வருமா? புதிய தேதி இருக்கும் வேலைகள் தேடலில் மேலே வருவதைப் பார்த்தேன். சைட்டுக்குள் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். தினமும் விடிகாலையில் எல்லா வேலைகளின் தேதியும் தானாக அன்றைய தேதியாக மாறிவிடும். ஆள் எடுத்து முடித்த வேலைக்கும் 'இன்று' என்று காட்டும். எல்லா சைட்டுக்காரனும் செய்வதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பாய் என்று தெரிந்திருந்தது.

அது வெளியே வந்த நாள் எனக்கு மறக்காது. பகல் இரண்டு மணி இருக்கும். யூனிபார்மோடு வந்து பைக்கை நிறுத்தினாய். பின்னால் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, மடியில் பெரிய துணிப்பை. தென்காசிப் பக்கம். டூட்டி நேரத்தில் நீ கேட்டை விட்டு வந்து நான் பார்த்ததே இல்லை. அடுத்த ஷிப்ட் ரிலீவரைக் கெஞ்சி உன் இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தாய்.

"கம்ப்யூட்டர், இவங்களாண்ட நீயே சொல்லு."

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். நம் சைட். லேடீஸ் ஹெல்பர், ரூம் உண்டு, இன்று.

"இன்னைக்குத் தேதி போட்டுருக்கே அண்ணாச்சி. ரயில்ல வரும்போதுகூடப் பார்த்தேன். ஜவுளிக்கடை வேலைய விட்டுட்டுல்லா வந்துருக்கேன். திரும்பப் போனா அவுக சேக்க மாட்டாக."

சைட்டில் ஏதோ சின்னப் பிரச்சினை என்று முனகினேன். நீ என்னை விடவில்லை.

"அந்த வேலை எப்ப முடிஞ்சுது?"

நான் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மூணு மாசம். போர்ட கழட்டினத நானே போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன்."

அதோடு என் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாய். நம் சைட்டின் முதல் பக்கத்தில் இருந்த இருபது வேலைகளுக்கும் மேலிருந்து வரிசையாகப் போன் போட்டாய், ஸ்பீக்கரில். "ஆள் எடுத்தாச்சுங்க." "அது போன மாசமே முடிஞ்சுதே." "அந்த லைனே இப்ப இல்ல சார்." அடுத்தது. அடுத்தது. ஒவ்வொரு போனுக்கும் அவள் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்கூட எடுக்காமல் நின்று கேட்டார்கள். இடையில் ஒருமுறை நான் போனைப் பிடுங்கப் பார்த்தேன். நீ கையைத் தட்டிவிட்டாய்.

இருபதில் மூன்றுதான் உயிரோடு இருந்தது. அதில் இரண்டு ஆண்களுக்கு. மூன்றாவது, வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் ஹெல்பர். லேடீஸ்தான், தங்க இடம் உண்டு. நான்கு மணிக்குள் ஆதார் நகலோடு வர வேண்டும், அதற்கு மேல் வந்தால் ஆபீசர் கிளம்பிவிடுவார் என்றார்கள். அப்போது மணி மூன்றேகால். நான் நகல் எடுக்கப் போனால் மெஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது. அதை இழுத்து எடுக்கும்போது அவள் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினாள். "மெதுவா எடுங்க அண்ணாச்சி, கிழிஞ்சிரப் போவுது." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவளை ஏற்றிக்கொண்டு நீ போய்விட்டாய். ஒரகடம் கூட்டு ரோட்டில் அந்த நேரத்தில் கன்டெய்னர் லாரிகள் எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும். நான்கு அடித்தது. நான்கு ஐந்து. நான் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன். நான்கு பத்துக்குப் போன் வந்தது. "சேத்துக்கினாங்க." ஒரே வார்த்தை. வைத்துவிட்டாய்.

சாயங்காலம் திரும்பி வந்தாய். டீ வாங்கினாய், எனக்கும் சேர்த்து.

"முடிஞ்சத முடிஞ்சுதுன்னு போட்றா."

"போட்டா சைட்டு காணாமப் பூடும். மேல வர நான் எவ்ளோ கஷ்டப்பட்டேன் தெரியுமா உனக்கு?"

"ஒரு பொண்ணு நடுரோட்டுல நின்னுகினு இருந்துச்சிடா."

அப்போதுதான் அதைச் சொன்னேன். "கேட்ல நின்னு சல்யூட் அடிக்கிறவனுக்கு சைட்டப் பத்தி இன்னாடா தெரியும்?"

நீ டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தாய். "எனக்கு ஒண்ணு தெரியும். இல்லன்னு மூஞ்சியப் பாத்து சொல்றது நானு. நீ இல்ல."

அதற்குப் பிறகு பதினோரு நாள் நீ கடைப்பக்கம் வரவில்லை. என் கோபம் எப்படிப்பட்டது என்று உனக்குத்தான் தெரியுமே. நீ சொன்னதைச் செய்கிறேன் பார் என்று, தேதி மாற்றும் ஏற்பாட்டை நிறுத்தினேன். முடிந்த வேலைகளின் பக்கங்களை மொத்தமாக அழித்தேன். சைட் மளமளவென்று இறங்கியது. அந்தப் பக்கங்களைத் தேடி வந்தவர்களுக்கு வெறும் வெள்ளைத் திரைதான் தெரிந்தது. தேடினால், வேலை தருவதாகச் சொல்லி நம்பரை மட்டும் வாங்கிக்கொள்ளும் சைட்டுகள் நம் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். 'சந்தோஷமா?' என்று கீழே ஒரு வரி. உன்னைக் குற்றம் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் ஷிப்ட் பஸ்கள் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.

"யார்றா உன்ன அழிக்க சொன்னா? நான் இங்க இல்லன்னு மட்டும் சொல்லியா அனுப்பறேன்? இங்க முடிஞ்சுதும்மா, அந்த கேட்ல கேட்டுப் பாரு, இந்த பஸ்ஸ புடின்னு சொல்லித்தான அனுப்பறேன். வந்தவன வெறுங்கையோட அனுப்பாதடா. அத எழுது."

அதை ஏழெட்டு தடவை கேட்டேன். அழித்த பக்கங்களை எல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பில் 'இந்த வேலை முடிந்தது' என்று போட்டேன். அதற்கடியில், பக்கத்தில் இன்று ஆள் எடுக்கும் கேட்டுகள், போகிற பஸ், இறங்கும் இடம். தினமும் காலை ஆறு மணிக்கு உன் மெசேஜ் வரும். எது திறந்தது, எது மூடியது, எது மாறவில்லை. நான் திருத்துவேன். வந்தவர்கள் பழைய பக்கத்தில் நுழைந்து புதிய வேலைக்குப் போன் போட்டார்கள். பல மாதம் ஆனது. ஒருநாள் தேடிப் பார்த்தால் முதல் பக்கத்தில் மறுபடியும் நாம் இருந்தோம். நீயும் மறுபடி டீயோடு வர ஆரம்பித்திருந்தாய். அந்தச் சல்யூட் பேச்சை நீ எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கிறவனிடம் என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன்.

நைட் டூட்டி முடித்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று உன் வீட்டில் இருந்து போன் வந்தது. அன்று காலை நீ அனுப்பிய கடைசி மெசேஜ் இன்னும் போனில் இருக்கிறது. "இன்னிக்கு ஒண்ணும் மாறல. நாளைக்கு பாக்கலாம்."

மூன்றாம் நாளே ஏஜென்சியில் இருந்து எனக்குப் போன் வந்தது, மூணாம் கேட்டுக்கு ஆள் வேண்டும் என்று. அவர்களுக்கு வேறு வழி இல்லை, கேட்டைத் திறந்துபோட முடியுமா? நானே டைப் அடித்தேன். நிற்கும் வேலை. மழைக்கு ஷெட் உண்டு. பஸ் உண்டு. உன்னிடம் கேட்டு எழுதியது போலவே எழுதினேன். ஒரு வாரத்தில் ஆள் கிடைத்துவிட்டது. அந்தப் பக்கத்தின் தலையில் சிவப்பு வரியைப் போட மட்டும் என்னால் முடியவில்லை. அது வேலையைப் பற்றிய வரியாக எனக்குத் தெரியவில்லை. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று பன்னிரண்டு நாளைக் கடத்தினேன். துக்கம் என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திண்டிவனத்தில் இருந்து வந்த மனிதனுக்கு என் துக்கம் என்ன செய்யும்? அன்று தென்காசிப் பெண்ணுக்குச் செய்ததையேதான் இவனுக்கும் செய்திருந்தேன்.

எழுந்து உள்ளே போய்க் கணினியைத் திறந்தேன். பட்டனைத் தொட்டேன். 'இந்த வேலை முடிந்தது.' கண்ணைத் துடைத்துக்கொண்டு செக்யூரிட்டி கேட்ட இடங்களுக்குப் போன் போட ஆரம்பித்தேன். இல்லை. இல்லை. நான்காவதாகப் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு குடோனில், வரச்சொல்லுங்கள், இன்றே பார்க்கிறோம் என்றார்கள். சொன்ன பத்து நிமிஷம் தாண்டி இருபது ஆகியிருந்தது. கிளம்பியிருப்பானோ என்ற பயத்தோடு அவனுக்குப் போட்டேன்.

"தம்பி, அந்த வேலை முடிஞ்சுபோச்சு. சைட்லேர்ந்து அத எடுக்காம வச்சிருந்தது என் தப்பு. பிள்ளைப்பாக்கத்துல ஒரு குடோன்ல கேக்குறாங்க, நான் பேசிட்டேன்."

"அங்கதாண்ணே பஸ்ல போயினுகீறேன்" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"கேட்ல நின்னாரே புது ஆளு, அவரு சொன்னாருண்ணே. ஷெட்டுக்குள்ள ஒரு அட்டை ஒட்டி கீது, எங்க எங்க கேக்கலாம், எந்த பஸ்ஸுன்னு. முன்னாடி இருந்தவரு எழுதி வச்சதாம். அதப் பாத்துதான் சொன்னாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான். "அந்த அட்டைல கட்டக் கடைசில, எதுவும் கெடைக்கலன்னா இந்த நம்பருக்குப் பேசுன்னு உங்க நம்பர் கீதுண்ணே. பேரு கம்ப்யூட்டர்னு போட்டு கீது. அது நீங்கதானா?"

ஆட்கள் நடமாடும் தெருவில், பாதி ஷட்டருக்குக் கீழே மறுபடி வந்து உட்கார்ந்து அழுதேன். "ஆமா தம்பி, நான்தான்" என்றேன்.

நாளைக் காலை ஆறு மணிக்கு முதல் போன் உன் கேட்டுக்குத்தான் போடப்போகிறேன். அங்கே நிற்பவர் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது. எது மாறியது என்று அவரிடம் கேட்க வேண்டும். கேட்பது யார் என்பார். கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொள்கிறேன்.