குப்பமுத்து என்ற பேர்

மேடான், சுமத்ரா
12-3-1956

அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுக் குப்பமுத்து எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன்.

நேற்றுக் கடையில் முதலாளி என் பேருக்குக் குப்பை என்று அர்த்தம் சொல்ல, ஜவுளி எடுக்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் ஸ்ரீரங்கத்துக்காரர்தான். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை ஏன் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து இந்தப் பேர் வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாதா? வெற்றிலைச் சாறு வழிய அவரும் சேர்ந்து சிரித்தார்.

மூட்டை தூக்கும் ஜாவாக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் பேர் புவாங். ஜாவா மொழியிலும் மலாயிலும் தூக்கி எறிந்தது என்று பொருளாம். "எனக்கு முன்னால பொறந்ததெல்லாம் செத்துப்போச்சு. அதான் இந்தப் பேர்" என்றான்.

முதலாளி, "நாகரிகமா வேற பேர் வச்சுக்கடா" என்றார். காறித் துப்பத் தோன்றியது. "இதே இருக்கட்டுங்க" என்றேன்.

கொஞ்சம் சுண்டைக்காய் வற்றல் அனுப்புங்கள். தங்கச்சியை மேல்விலாசத்தில் என் பேரைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். தபால் முதலில் முதலாளி கைக்குத்தான் போகிறது. கடை திறக்கிறார்கள், நிறுத்துகிறேன்.

நீங்கள் குப்பையிலிருந்து எடுத்த மகன்,
குப்பமுத்து