பதின்மூன்றாவது முடிச்சு

டீச்சர்,

நேற்று சாயங்காலம் உங்கள் மகள் வந்திருந்தாள். ஹெப்பாளிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்தவள், கழுத்தில் அடையாள அட்டை தொங்க வாசலிலேயே நின்றுகொண்டு ஒரு துணிப்பையை நீட்டினாள்.

"அம்மா இதை உங்க கையிலேயே கொடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க ஆயா. ஏதோ ஹளே கயிறு. எதுக்குன்னு எனக்கே கொத்தில்ல."

பழைய கயிறாம், எதற்கென்று அவளுக்கே தெரியாதாம். உங்கள் வீட்டுத் தமிழ் இன்னும் பாதி கன்னடமாகத்தான் இருக்கிறது. உள்ளே வா என்றேன். நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

பையைப் பிரித்ததும் முதலில் அந்துருண்டை வாடை வந்தது. அதற்கடியில் மெல்லியதாகக் களிமண் வாடை. என் பழைய நூல் சேலைகள் மூன்றைக் கிழித்து நானே பின்னிய கயிறு. தேங்காய் நார் பிஞ்சுக் கைகளைக் குத்தும் என்பதற்காகச் சேலையில் பின்னினேன். ஒரு கை தூரத்துக்கு ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நிறத்துணி. குழந்தைகளை வெளியே கூட்டிப்போகும்போது ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு உன்னுடையது, கத்தரிப்பூ நிறம் உன்னுடையது என்று சொல்லிவிட்டால் மூன்று வயதுக் குழந்தைகூட அதை விடாது.

கதவுத் தாழ்ப்பாளில் ஒரு முனையை மாட்டி எண்ணினேன். பதின்மூன்று. திரும்பவும் எண்ணினேன். பதின்மூன்றுதான். நான் போட்டது பன்னிரண்டு.

கடைசி முடிச்சு என்னுடையது அல்ல. நான் போட்டால் வால் உள்ளே மறைந்துவிடும். இதில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கட்டியிருந்த துணி வான நீலம், அதில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். அந்தச் சேலை எனக்குத் தெரியும். எந்த நாளில் அதை உடுத்தியிருந்தீர்கள் என்பதும் தெரியும்.

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. அடக்கத்துக்கு நான் வரவில்லை. நாற்பதாம் நாள் ஜெபத்துக்கும் வரவில்லை. எல்லோரும் கவனித்திருப்பார்கள். கவனிக்கட்டும். எனக்கு எழுதப் படிக்க யாரும் சொல்லித்தரவில்லை. நர்சரிச் சுவரில் ஒட்டியிருந்த அட்டைகளைத் துடைக்கத் துடைக்கத் தமிழ் எழுத்தைப் படித்தேன், பஸ் பலகைகளைப் பார்த்துக் கன்னடம் படித்தேன். அந்தப் படிப்பை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கடிதம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம்.

சர்ச் வளாகத்து நர்சரிக்குக் கூட்டிப் பெருக்கத்தான் நான் வந்தேன். நீங்கள் பயிற்சி முடித்து, கையில் ஒரு நீல ஃபைலோடு வந்தீர்கள். முதல் கோடை வகுப்பில் குழந்தைகள் எல்லாம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, அச்சடித்த ஆப்பிளுக்குச் சிவப்பு தீட்டிக்கொண்டிருந்தன. வெளியே ஏப்ரல் மாதம் முழுதும் சும்மா கிடந்தது. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"ஏன் டீச்சர், இதுங்களை மண்ணுல விட வேண்டிய வயசுல பேப்பர்ல விட்டா எப்படி?"

"மண்ணுல விட்டா பெத்தவங்க என்னைத் திட்டுவாங்க ஆயா."

"என்னைக் கைகாட்டி விடுங்க. திட்டு வாங்கிப் பழகின மூஞ்சிதானே."

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். நானும் விளையாட்டாகத்தான் சொன்னேன்.

மறுநாள் வெள்ளையடிக்கும் மட்டைகளையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொடுத்து வளாகச் சுவருக்கு வண்ணம் அடிக்கச் சொன்னேன். குழந்தைகள் தண்ணீரால் யானை வரையும், வெயில் அதை அழிக்கும், மறுபடி வரையும். ஒரு சிறுவன் சுவரைப் பார்த்து, "ஏ சூரியா, என் யானையைக் குடிக்காதே" என்று கத்தினான். நீங்கள் ஓடிப்போய் ஃபைலை எடுத்துவந்து 'ஆவியாதல்' என்று எழுதிக்கொண்டீர்கள். ஆணியடித்து ஓட்டை போட்ட பால்பவுடர் டின்னில் நான் மழை பெய்ய வைத்தால் அதற்கு ஒரு பெயர். காலையில் வந்ததும் ஒருமுறை, பத்து மணிக்கு ஒருமுறை சாக்பீஸால் நிழலைச் சுற்றிக் கோடு போட்டால் அதற்கொரு பெயர். எறும்புக்கு வெல்லமும் உப்பும் வைத்துவிட்டு எதற்கு வருகிறது என்று படுத்துக்கிடந்து பார்த்தால் அதற்கும் ஒரு பெயர். பெற்றோர் கூட்டத்தில் அவையெல்லாம் உங்கள் பயிற்சியில் வந்தவை போலவே பேசினீர்கள். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் டீ டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதை நான் மறக்கவில்லை.

ஒன்று மட்டும் உங்களுடையது. சத்தம் எண்ணும் விளையாட்டு. மரத்தடியில் கண்ணை மூடி உட்கார வேண்டும். கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். தலையில் கை பட்டால்தான் கண்ணைத் திறக்கலாம். "பார்க்கறதை நிறுத்தினாத்தான் ஆயா, கேட்கவே ஆரம்பிக்கும்" என்றீர்கள். நல்ல விளையாட்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வாரம் ஒருநாள் கெரேக்குப் போவோம். ஏரி என்று நாம் சொன்னதே இல்லை, கெரேதான். கயிற்றின் முன்முனையில் நான், பின்முனையில் நீங்கள், நடுவில் பன்னிரண்டு குழந்தைகள் பாடிக்கொண்டே வரும். திரும்பும்போது நான் முடிச்சுகளை எண்ணுவேன். ஒவ்வொன்றிலும் ஒரு கை இருந்தால் கணக்கு சரி. நீங்கள் பல தடவை சொன்னீர்கள்.

"கயிறை எண்ணாதீங்க ஆயா, தலையை எண்ணுங்க."

"தலை ஓடும் டீச்சர். என் முடிச்சு எங்கே ஓடும்?"

அந்தக் கயிற்றின் மேல் எனக்கு அவ்வளவு கர்வம்.

அந்த மே மாதக் காலையில் நீங்கள் நீலச் சேலை உடுத்தியிருந்தீர்கள். கேட்டருகே பூ விற்பவளின் மகள், மஞ்சள் கவுன் போட்ட நாலு வயதுப் பெண், நானும் வருவேன் என்று அழுதிருக்கிறாள். அவள் நம் வகுப்புக் குழந்தை இல்லை. நீங்கள் இரக்கப்பட்டு அவள் அம்மாவிடம் கேட்டுக் கூட்டிக்கொண்டீர்கள். அதற்குள் நான் முன்முனையைப் பிடித்துத் தெருமுனை திரும்பிவிட்டேன். அவளுக்கு முடிச்சு இல்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கெரேயில் நான் என் பன்னிரண்டு பேரோடு களிமண் விளிம்பில் இறங்கிவிட்டேன். பெஞ்சு என் முதுகுக்குப் பின்னால், கரைமேல் இருந்தது. அவள் மண்ணுக்குப் பயந்து உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். இதெல்லாம் பின்னால் நீங்கள் சொல்லி எனக்குத் தெரிந்தது. அப்போது உங்களுக்குப் போன் வந்தது. வளாகத்தைப் பார்வையிட யாரோ முன்கூட்டியே வருகிறார்கள் என்று கமிட்டிச் செயலாளர் கூப்பிட்டிருந்தார். கரையிலிருந்தே குரல் கொடுத்தீர்கள்.

"ஆயா, நான் முன்னாடி போறேன். நீங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க."

"போங்க டீச்சர், நான் பார்த்துக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஆட்டோ ஏறுமுன் அந்தப் பெண்ணை மரத்தடியில் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கோ, சத்தத்தை எண்ணு, ஆயா வந்து தலையைத் தொடுவாங்க, அதுவரைக்கும் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். அவளிடம் சொன்னீர்கள். என்னிடம் சொல்லவில்லை.

நான் கை கால் கழுவிவிட்டு, என் குழந்தைகளைக் கயிற்றில் கோத்து, முடிச்சை எண்ணினேன். பன்னிரண்டு முடிச்சு, பன்னிரண்டு கை. பாடிக்கொண்டே வந்துசேர்ந்தோம். கேட்டில் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டாரிடம் ஒப்படைத்தேன். நீங்கள் உள்ளே விருந்தினரிடம் நீல ஃபைலைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். பூக்காரி கூடையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு வந்தாள். ராமாபுரம் பக்கத்து ஊர்க்காரி, குரலை உயர்த்தத் தெரியாதவள்.

"டீச்சரம்மா, எம் புள்ள எங்கீங்க?"

உங்கள் முகத்தை அப்போது பார்த்தேன். நீங்கள் மறந்தே போயிருந்தீர்கள்.

மூவரும் ஒரே ஆட்டோவில் ஓடினோம். அது நிற்பதற்குள் நான் குதித்துவிட்டேன். உட்கார வைத்த இடத்திலேயே அவள் இருந்தாள். நிழல்தான் நகர்ந்துபோயிருந்தது. உச்சி வெயில் நேராக முகத்தில். உதடு வெடித்திருந்தது. கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. ஒன்றரை மணி நேரம். நடுவில் தூங்கியிருப்பாள் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். நாலு நாள் காய்ச்சல் அடித்தது. அதன்பின் ராத்திரியில் விளக்கை அணைக்க விடுவதில்லை, கண்ணை மூட மாட்டேன் என்கிறாள் என்று அவள் அம்மா சொன்னாள். ஆடி மாதம் வருமுன் கூடையை எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. உங்களை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் நின்றேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"கிளம்பும்போது ஆயாகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். பதிமூணு பிள்ளைங்கன்னு."

"சொல்லல" என்றேன்.

"வயசாச்சு ஆயா, மறந்திருப்பீங்க" என்றார் செயலாளர், மிகவும் மரியாதையாக.

"எனக்கு மறதி இல்ல. அவங்க சொல்லல."

அதற்குமேல் யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆயாவின் கவனக்குறைவு என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கயிறு நர்சரியிலேயே தங்கிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு ஒருநாள்தான் நினைத்தேன். உங்கள் வீட்டுக்காரர் அப்போது டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தார், வேலை போனால் நீங்கள் தாங்கமாட்டீர்கள். தெரியும். என் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டியிருந்தது.

பதினொரு கிறிஸ்துமஸ் வந்தீர்கள். தூக்குச்சட்டியில் கல்கல் பலகாரம், வாழையிலையில் கேக். என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவீர்கள். ஒரு வருஷமும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் உங்களுக்குத் தண்ணீர்தான் கொடுத்தேன், காபி கொடுக்கவில்லை. நீங்கள் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போவீர்கள். கடைசி முறை கதவைப் பிடித்துக்கொண்டு, "ஆயா..." என்றீர்கள். "இருட்டுது, படி பார்த்து இறங்குங்க" என்றேன்.

இப்போது முடிச்சை அனுப்பியிருக்கிறீர்கள்.

விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மற்றப் பன்னிரண்டிலும் அழுக்கேறி, துணி நைந்து, களிமண் உள்ளே இறங்கிக் கறுத்திருக்கிறது. உங்களுடையது சலவை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. ஒரு குழந்தையும் அதைப் பிடித்ததில்லை. எனக்காகவே போட்டிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் டீச்சர், பலகையில் ஒட்டியது காகிதத்தில் எழுதிய எழுத்து. அதற்குப் பதிலாக ஒரு துணிமுடிச்சை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். செயலாளர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவரிடம் ஒரு வரி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பதினொரு வருஷம் இருந்தது.

இத்தனையும் எழுதிவிட்டுக் கடிதத்தை மடிக்கத்தான் போனேன். மடிக்க முடியவில்லை. நீங்கள் ஒரு முடிச்சாவது போட்டீர்கள். நான் அதுகூடச் செய்யவில்லை.

நான் அவளைப் பார்த்தேன்.

குழந்தைகளை வரிசையில் நிறுத்திக் கரையேறியபோது, மரத்தடியில் மஞ்சள் கவுன் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெண்கள் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரோ ஒருத்தியின் பிள்ளை, வாராவாரம் எங்களைப் பார்த்துத் தானும் விளையாடுகிறது என்று நினைத்தேன். சிரித்தேன்கூட. தலையை எண்ணுங்கள் என்று நீங்கள் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. வந்தும் எண்ணவில்லை. கயிறு சரியாக இருந்தது.

நீங்கள் சொல்லவில்லை என்பது உண்மை. நான் பார்த்தேன் என்பதும் உண்மை. கமிட்டியில் அதைச் சொல்லியிருந்தால் முதல் உண்மை செத்துப்போயிருக்கும். அதனால் சொல்லவில்லை. உங்கள் பொய்யை வைத்துக்கொண்டு இதை மூடிவிட்டேன். பதினொரு வருஷம் உங்களை நிற்க வைத்துத் தண்டித்ததாக நினைத்திருந்தேன். நின்றது நான்தான்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. நீங்களும் பூக்காரியும் கரைமேல் ஓடிவந்துகொண்டிருந்தீர்கள். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. தலையைத் தொட்டேன். உடனே திறந்தாள். அழவில்லை. மடக்கிய விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எட்டு சத்தமுங்க ஆயா."

அவளே ஒவ்வொரு விரலாக விரித்துச் சொன்னாள். காக்கா. தண்ணி. பஸ்ஸு. நாய். சைக்கிள் மணி. ஒரு தாத்தா இருமினாரு. புல்லு அறுத்தாங்க. ஏழு ஆயிற்று. எட்டாவது விரல் மடங்கியே இருந்தது. அதையும் விரித்தாள்.

"நீங்க எல்லாரும் பாடிக்கிட்டே போனீங்கல்ல. அது."

கயிறு இப்போது என் கட்டிலின் தலைமாட்டில் தொங்குகிறது. உங்கள் முடிச்சை அவிழ்க்கவில்லை. வாலை மட்டும் உள்ளே தள்ளிவிட்டேன், நீட்டிக்கொண்டிருந்தால் பிரிந்துவிடும். எங்கே போனாலும் தலைகளை எண்ணுகிறேன். பஸ்ஸில், ரேஷன் வரிசையில், ஆஸ்பத்திரித் திண்ணைப் பெஞ்சில். எண்ணி முடித்ததும் திரும்பிப் பின்னால் பார்க்கிறேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்திருந்தாலும் நான் காபி போட்டிருக்க மாட்டேன். தண்ணீர்தான். ஆனால் இரண்டு டம்ளர் எடுத்துவந்து, கட்டிலின் இந்த ஓரத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன்.