நித்யாவின் விமானமும் என் வேண்டுதலும்

ஜூலை 4, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். மிக்ஸி ரிப்பேர், கடையில் கொடுக்க வேண்டும்.

மதியம் விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து மகள் நித்யா போன். தனியாக ஓட்டிய குட்டி விமானம், இறங்கும்போது பக்கக்காற்றில் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் மூக்குக் குத்தி நின்றுவிட்டதாம். முன்சக்கரம் போச்சு. இவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அழைத்துவர இவர் உடனே கிளம்பிவிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

பிள்ளை வீட்டில். முழுசாக. அப்பாடா. கை, கால், முதுகு எல்லாம் தடவிப் பார்த்தேன், திட்டினாள். சுற்றிப் போட்டால் மிளகாய் நெடியே வரவில்லை. அத்தனை கண்.

மின்சார ரயில் பிடித்து சிங்கப்பெருமாள் கோவில். இனி இவள் விமானமே ஏறக்கூடாது, அங்கப்பிரதட்சிணம் செய்கிறேன் என்று நரசிம்மரிடம் வேண்டுதல். யாரிடமும் சொல்லவில்லை.

இவர் வங்கித் தேர்வுப் புத்தகம் வாங்கி அவள் மேஜையில் வைத்திருக்கிறார். நல்லதுதான்.

ஜூலை 14, திங்கள்

தூறல். துணி காயவில்லை.

நித்யா பேசுவதே இல்லை. எங்கள் சேலையூருக்கு மேலே பயிற்சி விமானம் போனால் தட்டை விட்டுவிட்டு மாடிக்கு ஓடுகிறவள், இன்று எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். பக்கத்து வீட்டு விமலா அக்கா, "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு" என்றார். தலையாட்டிவிட்டு வந்து சமையலறையில் அழுதேன். நான் கேட்ட வரம்தானே இது?

ஜூலை 15, செவ்வாய்

மறுபடி கோவில். சாமி, போன வாரம் கேட்டதைக் கணக்கில் வைக்காதே, அவள் ஏறட்டும், பத்திரமாக இறக்கிவிடு, அங்கப்பிரதட்சிணம் அப்படியே இருக்கிறது என்று மாற்றிக் கேட்டேன். பட்டர் சிரித்தார். காதில் விழுந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நித்யாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முறைத்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. "பாவம்மா நரசிம்மர், கொழம்பிப் போயிருப்பாரு." வந்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவும்போது மெதுவாக, "பயமாத்தான் இருக்கு. ஆனா போறேன்மா."

இவர் முகம் உர்ரென்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

நல்ல வெயில். இத்தனை நாள் பயிற்சியாளரோடு பறந்தவள், இன்று மறுபடி தனியாக. எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை. இவர் லீவு. கேட்டால் தலைவலியாம்.

போன். "அம்மா, எறங்கிட்டேன். நேரா, நடுக்கோட்டுல!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். போதும், கிளம்பி வா என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அடுத்து எப்பம்மா ஏறுவே?" என்றார்.